நிற்பதோ, பெயர்வதோ?

ஆண்டுதோறும் கலாசாலை திறக்குங் காலத்தில், பெட்டியும் படுக்கையுமாய் விடுதி வாயிலில் வந்திறங்கும் புதிய மாணவருள் சிலர், முதல் மாதத்திலேயே ஊர் திரும்பும் நாளை எண்ணத் தொடங்குகின்றனர். அவருள் இரண்டொருவர் எம்மிடம் வந்து, "அண்ணா, வேறிடத்துக்கு மாறிப் போய்விடலாமா?" என்று தாழ்ந்த குரலில் வினவுவதுமுண்டு. இதற்கு 'இரு' என்றோ 'போ' என்றோ ஒரே சொல்லில் விடையிறுப்பது எளிது. எனினும் அது பொறுப்புள்ள விடையாகாது. பள்ளிப் பருவத்தில் யாமும் இவ்வினாவை நெஞ்சிற் சுமந்து ஓராண்டு கழித்தோம். அப்போது யாம் எண்ணியவையும் கண்டவையும் பின்வரும் தம்பியர்க்குப் பயன்படலாம் என்னுங் கருத்தால் இதனை வரையலாயினோம்.

எமது ஊர் பண்ணுருட்டிப் பக்கத்துச் சிற்றூர். எந்தையார்க்குச் சிறிது முந்திரித் தோப்புண்டு. கல்விச் செல்வம் தமக்கு வாய்க்கவில்லையே என்னும் ஏக்கமும் உண்டு. ஆதலின் எம்மை ஒன்பதாம் வகுப்பிற் செஞ்சியிலுள்ள ஒரு விடுதிப் பள்ளியிற் சேர்ப்பித்தார். செஞ்சி, திண்டிவனத்துக்கும் திருவண்ணாமலைக்கும் இடையே அமைந்த கோட்டையூர். இராசகிரி, கிருஷ்ணகிரி, சந்திராயன்துர்க்கம் என்னும் மூன்று குன்றுகளையும் வளைத்து நெடுமதில் ஓடுகின்றது. 2025-ஆம் ஆண்டில் உலக மரபுச் சின்னங்களின் பட்டியலிற் சேர்க்கப்பெற்ற மராட்டியர் கோட்டைகள் பன்னிரண்டனுள், தமிழ்நாட்டில் உள்ளது இஃதொன்றே. யாரோ கூடை கூடையாய்க் கொட்டிக் குவித்தாற் போன்ற பாறைகளாலாகிய குன்றுகள் அவை. பகலெல்லாம் வெயிலை உண்டு, இரவில் அவ்வெப்பத்தை ஊர்மேல் உமிழும். எமது விடுதியின் மொட்டைமாடியில் நின்றால் இராசகிரி கண்முன் தோன்றும். பார்ப்பவர்க்கு அது பேரழகு. அவ்வாண்டு எமக்கோ அது ஊர்ப்பக்கத்தை மறைத்து நிற்கும் சுவராகவே தோன்றிற்று.

எமது துயரங்கள் பலவகைப்பட்டன. தாயைப் பிரிந்த ஏக்கம் முதலாவது. தமிழிற் கணக்கும் அறிவியலும் பயின்ற எமக்கு அவை திடீரென ஆங்கிலத்தில் வந்து நின்றமை இரண்டாவது. வைகறை ஐந்து மணிக்கு அடிக்கும் மணியும், பருப்பைத் தேடிக் காணவேண்டிய சாம்பாரும் மூன்றாவது. நான்காவதே கொடியது. இரவில் விளக்கணைந்த பின்னர் மேல்வகுப்பு மாணவர் சிலர் எம்போன்றாரை எழுப்பித் தம் துணிகளைத் துவைக்கச் சொல்வர், மறுத்தால் அடிப்பர், வெளியிற் சொன்னால் இன்னும் அடிப்போம் என்பர். விடுதிக் காப்பாளர் அறை மாடியின் மறுகோடியில் இருந்தது.

ஞாயிறுதோறும் விடுதி அலுவலகத் தொலைபேசியில் ஐந்து நிமிடம் வீட்டாரோடு பேச இடமுண்டு. ஐந்து நிமிடமும், "சாப்பிட்டாயா? நன்றாயிருக்கிறாயா?" என்னும் கேள்விகளிலும், "ஆம்" என்னும் பொய்யான ஒரு சொல்லிலும் கரைந்துபோகும். அந்நாளில் எம் பெரியப்பா மகன் வேறொரு மாவட்டத்து விடுதிப் பள்ளியிற் பயின்றான். விடுமுறையிற் சந்தித்தபோது, தன் பள்ளியின் நூலகத்தையும் விளையாட்டுத் திடலையும் வியந்து கூறி, "நீயும் வந்துவிடு" என்றான். அன்று முதல் எம் மனம் செஞ்சியில் இல்லை. இக்கரைக்கு அக்கரை பச்சையன்றோ!

இந்நிலையில் ஒருநாள் எங்கள் வரலாற்று உபாத்தியாயர் எம்மைக் கோட்டை காணக் கூட்டிச் சென்றார். ஏறக்குறைய 800 அடி உயரமுள்ள இராசகிரியில் மூச்சிரைக்க ஏறி, உச்சிக்கருகே மலைப்பிளவின் மேலுள்ள பாலத்தையுங் கடந்து, நிழல் கண்டவிடத்து அமர்ந்தோம். ஆங்கு அவர் இரண்டு அரசர் கதையைக் கூறினார்.

ஒருவர் தேசிங்குராசன். 1714-ஆம் ஆண்டில் ஆற்காட்டு நவாபின் பெரும்படையை எதிர்த்து, சிறு படையோடு வெளிப்போந்து பொருது இளமையிலேயே உயிர் நீத்தவன். அவன் கதையைச் செஞ்சி வட்டாரத்துப் பிள்ளைகள் அனைவரும் அறிவர். தெருக்கூத்திலும் கதைப்பாட்டிலும் இன்றும் வாழ்கின்றான். மற்றவர் சிவாஜியின் இளைய மைந்தர் இராஜாராம். 1689-இல் மொகலாயர் இராய்கட் கோட்டையை முற்றுகையிட, அவர் அதனின்றும் வெளியேறி, மாறுவேடத்துடன் நெடுவழி நடந்து, அவ்வாண்டின் இறுதியிற் செஞ்சி வந்தடைந்தார். இங்கிருந்தே அரசு நடத்தினார். 1690-இல் சுல்பிகர் கான் இக்கோட்டையை வளைத்தான். முற்றுகை ஏறத்தாழ எட்டாண்டு நீடித்தது. 1698-இன் தொடக்கத்திற் கோட்டை வீழ்ந்தது. ஆனால் அதற்குச் சற்று முன்னரே இராஜாராம் வெளியேறி மராட்டிய நாடு சேர்ந்துவிட்டார். கோட்டை போயிற்று, அரசு போகவில்லை.

கதையை முடித்த உபாத்தியாயர், "தேசிங்கைப் பாடும் நாம் இராஜாராமைப் பாடுவதில்லை. வெளியேறுபவனுக்குப் பாட்டில்லை. அதனால் வெளியேறுவதெல்லாம் கோழைத்தனம் என்று எண்ணிவிடாதீர்கள். எட்டாண்டு நின்றவரும் அவரே, உரிய காலத்திற் பெயர்ந்தவரும் அவரே" என்றார். எம் மனநிலை அறிந்து அவர் இதனைச் சொன்னாரல்லர். எனினும் எமக்கே சொன்னது போல் இருந்தது. ஏனெனில், பள்ளி மாற எண்ணுவோனை விடுதித் தோழர் 'ஓடுகாலி' என்று நகைப்பர்; அப்பெயருக்கு அஞ்சியே யாம் வாய் திறவாதிருந்தோம். மேலும், கோட்டையைக் காப்பது அரசன் கடமை. பதின்மூன்று வயதுப் பிள்ளைக்குக் காக்க வேண்டிய கோட்டை யாதுளது? அவன் காக்க வேண்டியவை தன் உடலும் உள்ளமும் கல்வியுமே.

அன்றிரவு ஒரு குறிப்பேட்டில் எம் துயரங்களை எழுதி, ஒவ்வொன்றின் எதிரிலும் ஒரு வினாவை இட்டோம்: 'இத்துயர் இவ்விடத்தின் பொருளா, எமது பெட்டியின் பொருளா?' இடத்தின் பொருளாயின் இடத்தை விட்டால் விடும். பெட்டியின் பொருளாயின் எங்குச் சென்றாலும் உடன்வரும். தாயைப் பிரிந்த ஏக்கம் பெட்டியின் பொருள். ஆங்கிலத்திற் கணக்குப் புரியாமையும் அத்தகையதே. நீர்த்த சாம்பார் இடத்தின் பொருள். ஆயினும் பள்ளி மாறும் அளவுக்குப் பெரிதன்று. இரவில் விழும் அடி ஐயமின்றி இடத்தின் பொருள்.

பின்னாளில் கணித மேதை இராமானுஜனின் வாழ்க்கையைப் படித்தபோது, இவ்வினாவுக்கு அவரிடத்தும் சான்று கண்டோம். சிறு பிள்ளையாய் இருக்கையில் அவரைக் கும்பகோணத்தினின்றும் சென்னைக்கு அனுப்பிப் பள்ளியிற் சேர்த்தனர். அப்பள்ளி அவருக்குப் பிடிக்கவில்லை, போக மறுத்தார், வீட்டார் ஒரு காவலரைக் கொண்டு அச்சுறுத்திப் பள்ளிக்கு அனுப்பவும் முயன்றனர். பயனில்லை. ஆறு மாதத்துள் கும்பகோணத்துக்கே மீட்டழைத்தனர். அங்கே அவர் 1897-இல் தொடக்கக் கல்வித் தேர்வில் மாவட்டத்தில் முதன்மையுற்றார். அத்துயர் இடத்தின் பொருள். இடம் மாறவே தீர்ந்தது. பின்னர்க் கும்பகோணம் கல்லூரியில், கணிதமொன்றிலேயே மனம் பதித்து ஏனைய பாடங்களைக் கைவிட்டமையால் உதவித்தொகையை இழந்தார். 1905-இல் வீட்டாரறியாமல் விசாகப்பட்டினம் சென்றார். 1906-இல் சென்னைப் பச்சையப்பன் கல்லூரியிற் சேர்ந்தார். ஆங்கும் கணிதம் நீங்கலான பாடங்களில் தோல்வியே கண்டார். இத்துயர் பெட்டியின் பொருள். கல்லூரி மாறியும் தீரவில்லை. 1914-இல் கேம்பிரிட்ஜ் சென்று, தம் கணிதத்தையே மதிப்பாரிடத்துச் சேர்ந்தபோதுதான் அவர்க்கேற்ற இடம் வாய்த்தது. ஒருவர் வாழ்விலேயே ஒரு மாற்றம் பயன் தந்தது. ஒரு மாற்றம் பயனற்றொழிந்தது. ஆதலின் மாற்றம் என்பது தன்னளவில் நன்றுமன்று, தீதுமன்று.

மீண்டும் எம் கதைக்கு வருவோம். அடுத்த ஞாயிறு தொலைபேசியில், "அப்பா, நேரில் வாருங்கள்" என்று மட்டும் சொன்னோம். மறுநாட் காலையே தோப்பு வேலையை விட்டுவிட்டு வந்தார். கோட்டையின் திருமண மகாலுக்கெதிரே மரத்தடியில் அமர்ந்து, குறிப்பேட்டை அவர் கையிற் கொடுத்தோம். மெல்ல எழுத்துக்கூட்டிப் படித்தவர், நான்காம் வரியில் நெடுநேரம் நின்றார். பின்பு, "தம்பி, சோறு சரியில்லை என்றால் பொறுத்துக்கொள் என்பேன். வீட்டு நினைவு வந்தாலும் பழகிவிடும் என்பேன். அடி வாங்கிக்கொண்டு படி என்று உன் அப்பன் சொல்லமாட்டான். முதலில் தலைமையாசிரியரிடம் சொல்லிப் பார்ப்போம். ஒரு பருவம் பார். நிற்கவில்லையென்றால் ஆண்டு முடிந்ததும் போகலாம். ஒன்று மட்டும்: சொல்லாமல் ஓடி வந்துவிடாதே" என்றார்.

அவ்வாறே முறையிட்டோம். இரண்டு வாரம் இரவுகள் அமைதியாய்க் கழிந்தன; பின்னர் அடி மீண்டும் தொடங்கிற்று. இதற்கிடையில் எந்தையாரோடு மற்றப் பள்ளியையும் ஒருநாட் சென்று பார்த்தோம். வரவேற்பறையில் அமர்ந்து வாராமல், விடுதியில் உண்டு, கீழ்வகுப்புப் பிள்ளைகளைத் தனியே கண்டு, "இரவில் எப்படி?" என்று கேட்டோம். ஐந்து மணி மணி ஆங்குமுண்டு. ஊரை எண்ணி அழும் பிள்ளையுமுண்டு. ஆனால் காப்பாளர் பிள்ளைகள் உறங்கும் கூடத்தின் வாயிலருகே படுக்கிறார் என்று அறிந்தோம். அதுவே எமக்கு வேண்டிய செய்தி.

ஆண்டுத் தேர்வு முடிந்ததும் மாறினோம். வரலாற்று உபாத்தியாயரிடம் விடைபெறச் சென்றபோது, "நன்றாய்ப் படி" என்று ஒரு நோட்டுப் புத்தகம் தந்தார். புதிய பள்ளியில் யாம் எதிர்பார்த்தவாறே ஏக்கமும் ஆங்கிலக் கணக்கும் பெட்டியோடு வந்திறங்கின. அவற்றை வெல்ல இன்னும் ஓராண்டாயிற்று. ஆனால் இரவில் உறங்கினோம். உறங்கியமையாற் பகலிற் படித்தோம். எம்மோடு செஞ்சியில் ஒரே அறையிலிருந்த நண்பனும் தன் துயரங்களை அவ்வாறே எழுதிப் பார்த்தான். அவனுடையவை பெரும்பாலும் பெட்டியின் பொருள்களாயிருந்தன, அவனை அடிப்பாருமில்லை. அவன் அங்கேயே நின்று, பன்னிரண்டாம் வகுப்பிற் சிறப்புறத் தேறினான். அவன் நின்றதும் சரி, யாம் பெயர்ந்ததும் சரி.

இவ்வினாவோடு வருந்தும் தம்பியர்க்கும் தங்கையர்க்கும் சிலவற்றைச் சொல்லி முடிப்போம். துயரங்களைத் தாளில் எழுதுக. மனத்தில் ஒன்றாய்த் திரண்டு அச்சுறுத்துபவை தாளிற் பிரிந்து நிற்கும். பெற்றோர்க்கு முழுதுஞ் சொல்லுக. மாறுவதாயின் பத்தாம் வகுப்புக்கும் பன்னிரண்டாம் வகுப்புக்கும் முன்னரே ஆய்ந்து முடிவு செய்க. பொதுத்தேர்வு ஆண்டின் நடுவே மாறுவது இருமடங்கு சுமை. புதிய இடத்தில் பயிற்று மொழியும் பாடப் பிரிவும் பொருந்துமா என்பதையும், கட்டணம் குடும்பத்தாற் தாங்கத்தக்கதா என்பதையும் கேட்டறிக. ஆனால் அடியோ, இழிவோ, தகாத தீண்டலோ நேருமாயின், பருவ முடிவுக்குக் காத்திருத்தல் வேண்டா. அன்றே நம்பத்தக்க பெரியார் ஒருவர்க்கு உரைக்க. 1098 என்னும் எண்ணிற் குழந்தைகட்கான உதவித் தொலைபேசியும் உளது. 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம், பள்ளியிற் பிள்ளையை உடலால் தண்டிப்பதையும் மனத்தால் வதைப்பதையும் விலக்குகின்றது. எட்டாம் வகுப்புக்குட்பட்ட பிள்ளை வேறு பள்ளிக்கு மாறும் உரிமையைப் பற்றிக் கூறுமிடத்து, மாற்றுச் சான்றிதழைத் தலைமையாசிரியர் உடனே வழங்கல் வேண்டும் என்றும், அது வரத் தாழ்த்தமை கொண்டே சேர்க்கையை மறுத்தலாகாது என்றும் அச்சட்டம் விதிக்கின்றது.

ஆசிரியப் பெருமக்கட்கும், இன்று பெற்றோராய் விளங்கும் பழைய மாணவர்கட்கும் ஒரு விண்ணப்பம். மாற வேண்டும் என்னும் பிள்ளையைக் கோழையென்று முத்திரையிட வேண்டா. உடனே பெட்டி கட்டவும் வேண்டா. எதனால் என்று கேளுங்கள். கேட்டபின், அவன் பேசி முடிக்கும்வரை பொறுத்திருங்கள். நான்காம் வரியைச் சொல்லப் பிள்ளைக்கு நேரமாகும்.