கச்சானில் காய்ந்த கொள்ளி

ஆனி, ஆடியில் கச்சான் வீசத் தொடங்கினால் எனக்கு இப்போதும் முதலில் நினைவுக்கு வருவது கொள்ளிதான், அடுப்பு விறகு. மேற்கே காடு கரம்பையெல்லாம் தாண்டி வரும் அந்தக் காற்று உதட்டை வெடிக்க வைக்கும். கொடியில் போட்ட துணியை ஒரு நொடியில் மொறுமொறுக்கப் பண்ணும். ஊரே அதைத் திட்டும். எங்கள் பாட்டி, பெத்தா மட்டும் திட்டமாட்டா. "இந்தக் காத்து சும்மா கிடைக்குது மனே. மாரியில காசு குடுத்தாலும் கிடையாது" என்பா.

குளிர்நாடுகளைப்போல வீட்டைச் சூடாக்க இங்கே யாரும் விறகு எரிப்பதில்லை. ஆனால் வாடைக்காற்றோடு நாட்கணக்கில் மழை கொட்டும் கார்த்திகை, மார்கழியில் வீட்டுக்குள் உலர்ந்த இடம் என்று இருந்தது அடுப்படி ஒன்றுதான். நனைந்த சட்டை அங்கேதான் காயும். பள்ளிக்கூடம் விட்டு வந்த பிள்ளை அங்கேதான் குந்தும். பிள்ளை பெற்றவளுக்கு வெந்நீர் அங்கிருந்துதான் போகும். மட்டக்களப்பின் ஆண்டு மழையில் பெரும்பங்கு ஐப்பசிக்கும் தைக்கும் இடையில் கொட்டிவிடும். வாவி நிரம்பும், தாழ்ந்த ரோட்டெல்லாம் தண்ணீருக்குள் போகும், வாவிக்கு மேற்கே உள்ள படுவான்கரையிலிருந்து கொள்ளி வருவது நின்றுவிடும். ஆகவே மாரிக்கு வேண்டியதை ஆவணி முடியுமுன் வாங்கி அடுக்கிவிட வேண்டும். இது எங்கள் வீட்டில் வேளாண்மைக்கு விதை நெல் எடுத்து வைப்பதற்குச் சமமான கடமையாக இருந்தது.

எங்கள் வீடு ஆரையம்பதியில். கொள்ளி வாவிக்கு அந்தப்பக்கமிருந்து வரும். மண்முனைத் துறையில் பாதை எனப்படும் மிதவைப்படகு ஏறி, சைக்கிளின் பின்னால் ஆள் உயரத்துக்கு அடுக்கிக் கயிற்றால் இறுக்கிய கட்டோடு வருவார்கள். ஏறி ஓட்ட முடியாது, தள்ளித்தான் வரவேண்டும். படலையில் வந்து நின்றதும் பெத்தா முதலில் தண்ணீர் கொடுப்பா. விலை பிறகுதான். "எந்தக் காட்டுக் கொள்ளி தம்பி?" என்று கேட்டுக்கொண்டே கட்டிலிருந்து இரண்டு துண்டை உருவி ஒன்றோடொன்று தட்டுவா. கணீரென்று கேட்டால் காய்ந்தது. தொம்மென்று அடங்கினால் உள்ளே ஈரம். பிறகு வெட்டுமுகத்தைப் பார்ப்பா. நடுவிலிருந்து விளிம்புக்கு வெடிப்பு ஓடியிருக்க வேண்டும். பட்டை நகத்துக்கே கழன்று வரவேண்டும். கையில் தூக்கினால் பருமனுக்குப் பாரம் குறைவாக இருக்கவேண்டும்.

மரமும் பார்ப்பா. பாலையும் வீரையும் வந்தால் பேரம் பேசமாட்டா. அவை மெதுவாகப் பிடித்து, நின்று எரிந்து, கனமான தணல் விழுத்தும். நெல் அவிக்கிற பெரிய அடுப்புக்கு அதுதான் வேண்டும். புளி நல்ல சூடு தரும், ஆனால் பிளப்பவனின் முதுகை உடைக்கும். சேனை வெட்டி எரித்த காட்டிலிருந்து பாதி கருகிய கட்டைகள் வரும். கை கரியானாலும் புகை குறைவு. தென்னம்பாளை, பொச்சுமட்டை, சிரட்டை எல்லாம் சட்டென்று பற்றிச் சட்டென்று அணைகிறவை. காலையில் அடுப்பு மூட்டவும் தேத்தண்ணி கொதிக்கவும் அவை போதும்.

தில்லையை மட்டும் வாசலுக்கே எடுக்கவிடமாட்டா. வாவிக்கரையில் தாராளமாக நிற்கிற மரம்தான். அதன் பால் கண்ணில் பட்டால் பார்வையே மங்கிவிடும், புகையும் கண்ணுக்கு ஆகாது. பழகாத ஒருவர் கட்டுக்குள் ஒரு தில்லைத் துண்டைக் கலந்து கொண்டுவந்தால் அதைத் தனியே எடுத்து வைத்து, "இதை உங்கட வீட்டயும் எரிக்க ஒண்ணா தம்பி, புள்ளையள் இருக்கும்" என்று சொல்லி அனுப்புவா.

கண்டல் வேறு கதை. அது கனத்த மரம், அரைப்பச்சையாக இருந்தாலும் எரியும், சூடும் அதிகம். அந்த நல்ல குணமே அதற்கு வினையாயிற்று. வாவி ஏறக்குறைய 56 கிலோமீற்றர் நீளம். அதன் கரையெங்கும் ஒருகாலத்தில் கண்டலும் கண்ணாவும் கிண்ணையும் அடர்ந்து நின்றன. அடுப்புக்கு வெட்டினார்கள், இறால் பண்ணைக்கு அழித்தார்கள், போர்க்காலத்தில் பாதுகாப்புக்கென்று வழித்தெடுத்தார்கள். இறாலும் நண்டும் மீன்குஞ்சும் ஒளிந்து வளர்வது அந்த வேர்களுக்குள்தான். பெத்தாவுக்கு 2015இல் இலங்கை தன் கண்டல் காடுகள் முழுவதையும் காப்பதாக அறிவித்ததெல்லாம் தெரியாது. அதற்கு வெகுகாலம் முன்பே போய்விட்டா. ஆனால் அவ சொன்னது இது: "கண்டல எரிச்சா மறுகா கறிக்கு என்னத்த வைக்கிற?"

மண்முனைத் துறையை நினைத்தால் போர்க்காலமும் கூடவே வருகிறது. 2007 வரை படுவான்கரையின் பெரும்பகுதி விடுதலைப் புலிகளின் கட்டுப்பாட்டில் இருந்தது. கொள்ளிக்காரர் சோதனைச்சாவடியில் கட்டை அவிழ்த்துக் காட்டி, மறுபடி அடுக்கிக் கட்டி, வெயிலில் வரிசையில் நின்று வருவார்கள். வழி மூடிய நாட்களில் வரவே மாட்டார்கள். மண்ணெண்ணெயும் தட்டுப்பாடு. எந்த வீட்டில் கோடையில் அடுக்கி வைத்தார்களோ அந்த வீட்டில் உலை கொதித்தது. பக்கத்து வீட்டுக்கும் நாலு கொள்ளி வேலிக்கு மேலால் போனது. 2014இல் மண்முனையில் பாலம் திறந்தபிறகு இன்றைய பிள்ளைகள் ஐந்து நிமிடத்தில் வாவியைக் கடக்கிறார்கள். ஒரு கட்டுக் கொள்ளிக்கு அந்தத் தண்ணீரைக் கடக்க எவ்வளவு பாடுபட்டார்கள் என்பதை அவர்களுக்குச் சொல்லிக் கொடுக்க வேண்டியது நாங்கள்தான்.

வாங்கியதை வைப்பது இன்னொரு வேலை. தாழ்வாரத்தின் தெற்குப்பக்கம், சுவரிலிருந்து ஒரு சாண் விலக்கி, கல்லின்மேல் இரண்டு தென்னங்குற்றி போட்டு, அதற்குமேல் அடுக்குவோம். மண்ணில் பட்டால் கறையான் ஏறும். ஒரு வரிசை நெடுக்காக, அடுத்தது குறுக்காக. இடையால் காற்று போகவேண்டும். பட்டை மேல்பக்கம், பிளந்த முகம் கீழ்ப்பக்கம். சாரல் அடித்தாலும் பட்டையில் வழிந்து ஓடிவிடும். பழையது முன்னால், புதியது பின்னால். கையை உள்ளே விடுமுன் தடியால் தட்டவேண்டும், தேளும் பாம்பும் எங்களுக்கு முன்பே குடியேறியிருக்கும். மறுநாளுக்குரியதை அடுப்புக்கு மேலே பரணில் வைத்தால் இன்றைய நெருப்பே நாளைய கொள்ளியைக் காயவைத்துவிடும்.

ஒஸ்லோவில் இருக்கிற உறவுப்பெண் ஒருத்தி சொன்ன செய்தி ஒன்று என்னைப் பெத்தாவிடம் கொண்டுபோனது. நோர்வேயில் லார்ஸ் மித்திங் என்பவர் 2011இல் விறகைப் பற்றியே ஒரு முழுப் புத்தகம் எழுதினார், அது பெருவாரியாக விற்றது. 2013 பெப்ரவரியில் அந்த நாட்டுத் தொலைக்காட்சி 12 மணிநேரம் விறகு வெட்டுவதையும் அடுக்குவதையும் எரிவதையும் காட்டியது. முறையிட்டவர்களில் பாதிப்பேர் பட்டையை மேலே வைத்தது பிழையென்றும் மீதிப்பேர் கீழே வைத்தது பிழையென்றும் சொன்னார்களாம். பனியிலும் மாரியிலும் மனிதருக்கு ஒரே கவலை. புதிதாக வெட்டிய மரத்தின் பாரத்தில் பாதிவரை தண்ணீர் இருக்கும். அதை அடுப்பில் வைத்தால் நெருப்பின் சூடு சோற்றுக்குப் போகுமுன் அந்தத் தண்ணீரை ஆவியாக்குவதிலேயே செலவாகும். மிச்சம் புகை.

இதை நான் புத்தகத்தில் படித்து அறியவில்லை. 1978 நவம்பர் 23 இரவு சூறாவளி அடித்தது. விடிந்து பார்த்தால் மட்டக்களப்பில் தென்னந்தோப்பெல்லாம் படுத்துக் கிடந்தது. எங்கு திரும்பினாலும் மரம், ஆனால் எரிக்க ஒரு துண்டு இல்லை. எல்லாம் பச்சை, எல்லாம் நனைந்தது. வீட்டுக் கூரையில் பாதி பறந்திருந்தது, அடுக்களைப் பரண் தப்பியிருந்தது. ஆடியில் காய்ந்த அந்தக் கொள்ளியில்தான் எங்கள் வளவில் ஒதுங்கியவர்கள் அத்தனை பேருக்கும் பெத்தா கஞ்சி காய்ச்சினா. விழுந்த தென்னைகள் அடுத்த கச்சானுக்குப் பிறகுதான் அடுப்புக்கு உதவின.

2022 பொருளாதார நெருக்கடியில் காய்ந்த கொள்ளிக்கு அதே தவிப்பு மறுபடி வந்தது, சூறாவளி இல்லாமல். ஏப்ரலில் 12.5 கிலோ எரிவாயுச் சிலிண்டர் 4,860 ரூபாயானது. அந்த விலைக்கும் கிடைக்கவில்லை. நகரத்தில் முற்றத்தில் மூன்று கல் வைத்தார்கள். அகப்பட்ட பச்சை மரத்தையெல்லாம் வாங்கி, புகையில் கண் சிவந்து, ஒரு பானைச் சோற்றுக்கு மூன்று பானைக் கொள்ளி எரித்தார்கள். காசில்லாதது பாதித் துன்பம், தட்டிப் பார்க்கத் தெரியாதது மீதித் துன்பம். 2012 குடிசன மதிப்பீட்டின்போது இலங்கையில் நான்கில் மூன்று பங்குக்கு மேற்பட்ட வீடுகள் விறகில்தான் சமைத்தன. பத்து ஆண்டுக்குள் அந்த அறிவு நகரத்து வீடுகளில் இவ்வளவு மெலிந்துபோயிருந்தது.

விறகுப் புகை பெண்களின் நெஞ்சையும் கண்ணையும் தின்கிறது; பெத்தாவின் கடைசிக்கால இருமலை நான் மறக்கவில்லை. எரிவாயு வந்ததில் எனக்கு மகிழ்ச்சிதான். ஆனாலும் விறகு எரிக்கவேண்டி வருகிற வீட்டில் அது உலர்ந்த விறகாக, அனகி அடுப்புப்போல சூட்டை வீணாக்காத அடுப்பில் எரியட்டும். வேலியில் கிளிசரிடியா நடலாம், வெட்ட வெட்டத் தளிர்க்கும். காட்டில் யானைக்குப் பயந்து பொறுக்குகிறவருக்கும் பாரம் குறையும், கண்டலும் பிழைக்கும். சிலிண்டர் இருக்கிற வீட்டிலும் தாழ்வாரத்தில் ஒரு மாதக் கொள்ளி இருக்கட்டும். வரப்போகிற மழையில் யார் வீட்டில் அடுப்பு அணையும் என்பது யாருக்கும் முன்பே தெரியாது. நமக்கு வேண்டாமற் போனாலும் வேலிக்கு மேலால் கொடுக்கலாம்.