எந்த டிஸ்க் எது?

லினக்ஸ் கற்றுக்கொள்ள வருகிறவர்களுக்கு நான் முதலில் சொல்லிக்கொடுக்கும் கட்டளை ‘எல்எஸ்பிஎல்கே’. டெர்மினலைத் திறந்து, இந்த ஐந்து ஆங்கில எழுத்துகளையும் சின்ன எழுத்தில், இடம் விடாமல் தட்டி என்டர் அடித்தால் போதும். கணினியில் மாட்டியிருக்கும் ஹார்ட் டிஸ்க், எஸ்எஸ்டி, பென் டிரைவ் எல்லாம் வரிசையாக வரும். பாஸ்புக்கைப் பார்த்தால் இருப்பு குறையுமா? அதுபோலத்தான் இதுவும். பார்க்கும், எதையும் மாற்றாது.

போன மாதம் என்னோடு வேலை பார்த்த நண்பர் கூப்பிட்டார். பழைய கணினியில் புதிதாக 240 ஜிபி எஸ்எஸ்டி மாட்டியிருந்தார். அதில் லினக்ஸ் போடவேண்டும். பழைய 500 ஜிபி டிஸ்க்கில் காலமான அவர் மனைவியின் படங்களும், அந்த அம்மா பாடிப் பதிந்த பாட்டுகளும் இருந்தன. வேறு பிரதி கிடையாது.

பென் டிரைவிலிருந்து கணினியைக் கிளப்பிக் கட்டளையைத் தட்டினேன். எஸ்டிஏ என்ற பெயருக்கு எதிரே 465.8 என்று இருந்தது.

“என்ன சார், 34 ஜிபியைக் காணோமே?” என்று பதறினார்.

காணாமல் போகவில்லை. டிஸ்க் செய்கிறவர்கள் ஆயிரம் ஆயிரமாக எண்ணுகிறார்கள். இந்தக் கட்டளை 1024-ஆல் வகுக்கிறது. அதே கணக்கில் 240 என்பது 223.6 ஆக, எஸ்டிபி என்ற பெயரில் அடுத்த வரியில் நின்றது. ‘எஸ்டிஏ பழசு’ என்று ஒரு தாளில் எழுதி ஒட்டிவைத்தார். அதற்குள் கரன்ட் போய்விட்டது. மறுநாள் பார்த்துக்கொள்ளலாம் என்று வந்துவிட்டேன்.

மறுநாள் காலையில் திரும்பவும் தட்டிப் பார்த்தேன். எஸ்டிஏவுக்கு எதிரே 223.6! தாளை நம்பி எஸ்டிபியில் லினக்ஸைப் போட்டிருந்தால் பாட்டு அத்தனையும் போயிருக்கும். இந்தப் பெயர்கள் டிஸ்க்குக்குச் சொந்தமில்லை. கணினி கிளம்பும்போது எதை முதலில் கண்டுகொள்கிறதோ, பெரும்பாலும் அதற்கு எஸ்டிஏ. டோக்கன் நம்பர் மாதிரி, அன்றன்றைக்கு மாறலாம்.

அதனால் கட்டளையோடு ‘மைனஸ் ஓ’ சேர்த்து, ஓர் இடம் விட்டு, நேம், சைஸ், மாடல், சீரியல் என்று நடுவில் கமா மட்டும் போட்டுக் கேட்டேன். கணினியை அணைத்து, டார்ச் அடித்து, டிஸ்க்கின் மேல் ஒட்டியிருந்த சீரியல் எண்ணோடு ஒப்பிட்டோம். சரியாக இருந்தது. இருந்தாலும் பழைய டிஸ்க்கின் வயரைக் கழற்றிய பிறகுதான் லினக்ஸ் போட்டேன். எனக்கு எந்தக் கட்டளையையும்விடக் கழற்றிய வயர் மேல்தான் நம்பிக்கை.

மாலையில் வயரை மாட்டி, அவர் வாங்கி வைத்திருந்த வெளி டிஸ்க்கில் முதல் வேலையாக ஒரு பிரதி எடுத்தோம். பழைய தாளைக் கிழித்துவிட்டு, சீரியல் எண்ணை வேறு தாளில் பெரிதாக எழுதிக்கொண்டார். “ஒண்ணே ஒண்ணு கேட்டுட்டுப் போங்க சார்” என்று ஒரு பாட்டைப் போட்டார். நடுவில் குக்கர் விசில் ஒன்றும் அதில் பதிந்திருந்தது.