இரண்டாவது படம்

ஒரே ஒரு ஃபிலிம் கேமராவைக் கொண்டு முப்பரிமாணப் படம் எடுக்கலாம் என்பதை 2004இல்தான் அறிந்தேன். கல்லூரி வேலையில் சேர்ந்த புதிது. கையில் பழைய கேமரா ஒன்று இருந்தது. ஆர்வம் அதைவிட அதிகமாக இருந்தது.

தத்துவம் எளியது. நம் இரு கண்களுக்கும் இடையே ஏறத்தாழ 6.5 செ.மீ. இடைவெளி. ஒரே பொருளை அவை சற்றே வேறுபட்ட கோணங்களில் காண்கின்றன. அவ்வேறுபாட்டைக் கொண்டே மூளை ஆழத்தை உணர்கிறது. சார்லஸ் வீட்ஸ்டன் இதை 1838இல் இரு கண்ணாடிகளையும் கோட்டோவியங்களையும் வைத்தே நிறுவிவிட்டார். புகைப்படக் கலை உலகுக்கு அறிவிக்கப்பட்டது அதற்கு அடுத்த ஆண்டில்தான்.

ஒற்றைக் கேமராவுக்கு இருப்பது ஒரு கண். ஆகவே ஒரு படம் எடுத்து, கேமராவைத் திருப்பாமல் பக்கவாட்டில் நகர்த்தி, மற்றொன்று எடுக்க வேண்டும். அருகிலுள்ள பொருள் இருக்கும் தூரத்தில் முப்பதில் ஒரு பங்கு நகர்த்தினால் போதும் என்பது பொதுவிதி. 36 படச் சுருளில் 18 இணைகள்தாம் கிடைக்கும். முதல் படத்துக்குப் பின் சுருளை நகர்த்திக் கேமராவை மீண்டும் நிலைநிறுத்தச் சில நொடிகள் ஆகும். அந்நொடிகளில் உலகம் அசையாதிருக்க வேண்டும். தென்னங்கீற்று அசையும், கோழி நகரும், வீடும் கிணற்றடியும் பொறுமையாக நிற்கும்.

ஒரு காலையில் அம்மாவைத் திண்ணையில் உட்காரவைத்தேன். இரண்டு மீட்டர் தொலைவில் முக்காலி, அதன்மேல் ஓர் அளவுகோல், அதையொட்டிக் கேமரா.

"அசையாம இரும்மா."

"நான் எங்கடா அசைஞ்சேன்?"

"கை ஆடுதே!" என்று கடிந்துகொண்டேன். அம்மா மறுமொழி கூறவில்லை. வலக்கையை இடக்கையால் பற்றிக்கொள்ள முயன்று, பின் விட்டுவிட்டார்.

பிரதிகளை ஆறு செ.மீ. அகலத்துக்கு வெட்டி, அட்டையில் அருகருகே ஒட்டி, இரு உருப்பெருக்கிகள் வழியே நோக்கினேன். திண்ணைத் தூண் முன்னே வந்தது. நடை உள்ளே சென்றது. அம்மாவின் முகம் தொட்டுவிடலாம் போல் திரண்டு நின்றது. மடிமேலிருந்த வலக்கை மட்டும் ஒன்றுசேரவில்லை. இரு கண்ணுக்கும் இரு வேறு கைகள். ஒன்று தோன்ற மற்றொன்று மறைய, மினுங்கிக்கொண்டே இருந்தது. கெட்டுப்போன இணை என்று ஒதுக்கிவைத்தேன்.

மறு ஆண்டு மருத்துவர் பார்க்கின்சன் நோய் என்றார். கை ஓய்ந்திருக்கும்போதுதான் இந்நடுக்கம் மிகும் என்றும் விளக்கினார். என் அட்டை அதை முன்னமே காட்டியிருந்தது. நானோ அதைப் படப்பிழையாக மட்டுமே படித்திருந்தேன்.

அம்மா 2013இல் மறைந்தார். அவர் நன்றாக அமைந்த படங்கள் வீட்டில் பல உண்டு. அவற்றில் எல்லாம் அசையாதிருக்கிறார். அந்த ஓர் அட்டையை மட்டும் நான் அடிக்கடி எடுத்துப் பார்ப்பதுண்டு. கண்கள் பழகிய மறுகணம் திண்ணை திரள்கிறது, முகம் திரள்கிறது, கை நடுங்கத் தொடங்குகிறது. அன்று கடிந்துகொண்ட சொல்லைத்தான் திரும்ப எடுத்துக்கொள்ள முடியவில்லை.