அப்பாவுக்கு வேடம், மகளுக்கு இல்லை

அமெரிக்காவின் சிறு நகரங்கள் பலவற்றில் 'கம்யூனிட்டி தியேட்டர்' என்று ஒன்று உண்டு. ஊர்க்காரர்களே சேர்ந்து நடத்தும் நாடகக் குழு. பகலில் பல் மருத்துவராகவும் வங்கி ஊழியராகவும் இருப்பவர்கள் மாலையில் ஒத்திகைக்கு வருவார்கள். நடிப்பவர்களுக்குப் பெரும்பாலும் சம்பளம் கிடையாது. ஆனால் நாடக உரிமைக்கும் உடைகளுக்கும் பணம் கட்ட வேண்டுமே! அதனால்தான் குழந்தைகள் நிறைய வரும் குடும்ப இசை நாடகங்களுக்கு அங்கே எப்போதும் மவுசு. மேடையில் ஒரு குழந்தை ஏறினால் அம்மா, அப்பா, தாத்தா, பாட்டி என்று நாலு டிக்கெட் உறுதி. வணிகவியல் படிக்காதவருக்கும் புரிகிற கணக்குதான்.

இப்படி அடிக்கடி போடப்படும் நாடகங்களில் ஒன்று 'அன்னி'. 1924இல் தொடங்கிய ஒரு படக்கதைத் தொடரை வைத்து உருவானது. 1977இல் பிராட்வேக்கு வந்து ஏழு டோனி விருதுகளை வென்றது. அன்னியையும் சேர்த்து ஏழு அநாதைச் சிறுமிகள்தான் அதன் உயிர்.

ஓர் ஊரில் அந்த நாடகத்துக்கு ஆடிஷன் என்று அறிவிப்பு வந்தது. ஒன்பது வயதுப் பெண் ஒருத்தி ஒரு மாதமாகக் குளியலறையிலும் காரிலும் பாடிப் பாடிப் பழகினாள். துணைக்குப் போன அப்பாவிடமும் ஒரு படிவத்தை நீட்டினார்கள். "ஆண்கள் குறைவா இருக்காங்க, நீங்களும் பாடிப் பாருங்களேன்!"

படிவத்தில் உயரம், வயது, ஒத்திகைக்கு வர முடியாத நாட்கள் என்று வரிசையாகக் கேள்விகள். கடைசியில் ஒன்று: 'குடும்பத்தில் ஒருவர் மட்டும் தேர்வானால் சம்மதமா?' மகளுக்குத்தான் கிடைக்கும் என்ற நினைப்பில் அப்பா யோசிக்காமல் 'ஆம்' என்று குறித்தார்.

அங்கே முழுப் பாட்டும் பாட விடமாட்டார்கள். பியானோக்காரர் வாசிக்க, அரை நிமிடம் போலப் பாடியதும் "நன்றி, அடுத்தவர்!" பிறகு கொஞ்சம் நடனம். கையில் தருகிற பக்கத்தை முன்தயாரிப்பு இல்லாமல் வசனமாகப் படிக்க வேண்டும். பிடித்திருந்தால் இன்னொரு நாள் திரும்ப அழைப்பார்கள்.

மகள் நன்றாகவே பாடினாள். ஆனால் ஏழு இடத்துக்கு நாற்பது சிறுமிகள்! கடைக்குட்டி மாலி வேடத்துக்கு இவள் உயரம் அதிகம். மற்ற வேடங்களுக்கு வயது போதவில்லை. பட்டியல் வந்தபோது அவள் பெயர் இல்லை. சுமாராகப் பாடிய அப்பாவின் பெயர் இருந்தது, பணக்காரர் வீட்டு பட்லர் ட்ரேக்காக. ஆண்களுக்குத் தட்டுப்பாடு, சிறுமிகள் ஏராளம். தேவை, அளிப்பு என்று பாடப் புத்தகத்தில் வருவதுதான் இது. ஒன்பது வயதுக் குழந்தைக்கு அதை எப்படி விளக்குவது?

அப்பா ஒரு கதை சொல்லிப் பார்த்தார். கனெக்டிகட்டில் 1976இல் 'அன்னி' முதன்முதலாக மேடையேறியபோது அன்னியாக நடித்தது வேறொரு சிறுமி. தெருவில் வளர்ந்த முரட்டுப் பெண்ணுக்கு அவள் ரொம்ப மென்மையாக இருக்கிறாள் என்று மாற்றிவிட்டார்கள். அநாதைகளில் ஒருத்தியாக நின்ற ஆண்ட்ரியா மெக்கார்டில் அன்னி ஆனாள். பிராட்வேயிலும் அவளே நடித்து டோனி பரிந்துரை வரை போனாள்.

"அப்ப அந்த முதல் பொண்ணு சரியா பாடலையா?"

"நல்லாத்தான் பாடியிருப்பா. அந்த வேஷத்துக்கு வேற மாதிரி ஆள் வேணும்னு நினைச்சாங்க. அவ்வளவுதான்."

அவளுக்குச் சமாதானம் ஆகவில்லை. இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. மூன்றாம் நாள் அப்பா விலகிக்கொள்வதாகச் சொல்லத் தொலைபேசியை எடுத்தார். அவள் ஓடி வந்து கையைப் பிடித்தாள்.

"நீங்களும் போகலேன்னா நான் எப்படி ஒத்திகை பார்க்கறது?"

அந்த ஆண்டு அவள் ஒத்திகை தவறாமல் வந்தாள், மூலையில் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதினாள். அப்பா வசனம் மறந்தபோதெல்லாம் மூலையிலிருந்து எடுத்துக் கொடுத்தது அவள்தான். நாடகத்தன்று வாசலில் நின்று நிகழ்ச்சிநிரல் கொடுத்தாள். ஏழு சிறுமிகளும் பாடியபோது மட்டும் உள்ளே போகவில்லை.

மறு வருடம் வேறு நாடகம், அதே படிவம். கடைசிக் கேள்விக்கு அப்பாவின் பேனா தயங்கியது. அவள் அதை வாங்கி 'ஆம்' என்று குறித்துவிட்டுப் பாடப் போனாள்.