சேலத்துச் சமவெளியில் இரண்டு நாள் ஓய்வு

ஓய்வு என்பது வேலையற்ற நேரம் மட்டும் அன்று. வேலையின் பொருட்டுப் பிரிந்து நின்றவர்கள் மீண்டும் ஒன்றுகூடும் நேரமும் அதுவே. சேலம், நாமக்கல் மாவட்டங்களின் சமவெளியில் வாழும் குடும்பங்களுக்கு இதனை விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை; அவர்கள் நாள்தோறும் அறிந்ததே அது.

இப்பகுதியின் தொழில்களைச் சற்று எண்ணிப் பாருங்கள். நாமக்கல், சங்ககிரி லாரிகள் பாரதத்தின் எல்லா மாநிலச் சாலைகளிலும் ஓடுகின்றன. திருச்செங்கோட்டு ரிக் வண்டிகள் வடமாநிலங்களுக்குச் சென்று, மாதக்கணக்கில் அங்கேயே தங்கி, ஆழ்துளைக் கிணறு தோண்டுகின்றன. குமாரபாளையத்திலும் பள்ளிபாளையத்திலும் விசைத்தறிகளின் ஓசை இரவிலும் ஓய்வதில்லை. கணவன் பகல் ஷிப்டு என்றால் மனைவி இரவு ஷிப்டு என்று ஒரே கூரையின் கீழ் மாறி மாறி உறங்கும் வீடுகள் உண்டு. நாமக்கல்லின் கோழிப் பண்ணைகளையோ கேட்கவே வேண்டாம். கோழிகளுக்கு ஞாயிற்றுக்கிழமை என்று ஒன்று தெரியாது. அன்றும் தீவனம் வைக்க வேண்டும். அன்றும் முட்டைகளை எடுத்து அட்டையில் அடுக்க வேண்டும்.

ஆகவே தந்தை, தாய், பிள்ளைகள், பாட்டி என்று அனைவரும் ஒருசேர வீட்டில் இருக்கும் ஒரு சனியும் ஒரு ஞாயிறும் இங்கே எளிதில் கிடைப்பதில்லை. கிடைக்கும்போது அதை எவ்வாறு செலவிடுவது? பெரும்பாலான வீடுகளில் விடை ஒன்றுதான்: வீட்டில் ஒரு விருந்து, மாலையில் ஒரு படம், மறுநாள் அருகில் ஒரு பயணம். இம்மூன்றும் நல்லவையே. ஆனால் இம்மூன்றிலும் வீட்டார் அனைவருக்கும் ஓய்வு கிடைக்கிறதா என்பதுதான் கேள்வி.

வீட்டு விருந்து

பிள்ளையின் புதுநன்மை, பெயரனின் பிறந்தநாள், பெற்றோரின் திருமண வெள்ளி விழா என்று விருந்துக்குக் காரணங்கள் பல. வெளியூரில் இருக்கும் தந்தை விடுமுறையில் வருவதை ஒட்டியே நாள் குறிக்கப்படுகிறது. அவர் வந்து இறங்கியதும் பந்தல்காரர், சமையற்காரர், புகைப்படக்காரர் என்று கணக்குகள் அவர் முன் வந்து நிற்கின்றன. ஆறு மாதம் அவர் புழுதியிலும் வெயிலிலும் ஈட்டியது ஒரு நண்பகலில் இலையோடு சுருட்டி எறியப்படுகிறது. போதாததற்குக் கடனும் ஏற்படுகிறது. வரும் மொய் கடனைத் தீர்த்துவிடும் என்று நம்புகிறவர்கள், மொய்யும் திருப்பிச் செய்ய வேண்டிய கடனே என்பதை மறந்துவிடுகின்றனர். அக்கடனை அடைக்க அவர் இன்னும் இரண்டு நடை கூடுதலாகப் போக வேண்டியதாகிறது. வீட்டார் ஒன்றுகூடியதற்காக வைத்த விருந்தே அவர்களை மீண்டும் பிரித்து வைக்கிறது!

வீட்டோடு நடக்கும் சிறு விருந்திலும் கவனிக்க வேண்டியது ஒன்றுண்டு. விடியற்காலை நான்கு மணிக்கு எழுந்து அடுப்பு மூட்டுகிறவர் இல்லத்தரசி. மூன்று பந்திக்கும் பரிமாறிவிட்டு, பாத்திரங்களை ஒதுக்கிவிட்டு, பிற்பகல் நான்கு மணிக்கு ஆறிப்போன ரசத்தோடு அவர் உண்ண உட்காருகிறார். அவ்வேளையில் மற்றவர்கள் படத்துக்குப் புறப்பட்டுக்கொண்டிருக்கிறார்கள். விருந்து எல்லாருக்கும், ஓய்வு மட்டும் அவருக்கு இல்லை.

இதை மாற்றுவதற்குப் பணம் தேவையில்லை. சமைப்பதை அளவாக வைத்துக்கொண்டு, வளர்ந்த பிள்ளைகள் வாளியையும் கரண்டியையும் கையில் எடுக்கட்டும். "நீங்க உட்காருங்கம்மா, நாங்க பரிமாறுகிறோம்" என்று மகன் சொல்லும் ஒரு சொல், பத்து வகைப் பலகாரத்தைவிட அந்த விருந்துக்கு அழகு சேர்க்கும். முதல் பந்தியில் பாட்டிக்கும் தாய்க்கும் இலை போடப்படுமானால், அன்று வீட்டில் உண்மையிலேயே திருநாள்தான்.

படக்கொட்டகை

சேலத்தார்க்குச் சினிமா வேற்றூரிலிருந்து வந்த பொருள் அன்று. அது உள்ளூரில் விளைந்தது. திருச்செங்கோட்டைப் பூர்வீகமாகக் கொண்ட டி. ஆர். சுந்தரம் நூல் வணிகக் குடும்பத்தில் பிறந்தவர். இங்கிலாந்து சென்று துணித் தொழில் படித்தவர். தறியையும் நூலையும் பெருக்கியிருக்க வேண்டிய அவர், சேலத்தில் ஏற்காடு சாலையில் 'மாடர்ன் தியேட்டர்ஸ்' என்னும் படப்பிடிப்பு நிலையத்தை நிறுவினார். அதன் முதல் படமான 'சதி அகல்யா' 1937 இல் வெளிவந்தது. மறு ஆண்டே, மலையாளத்தின் முதல் பேசும் படமாகிய 'பாலன்' இங்கிருந்து வெளிவந்தது. 1950 இல் 'மந்திரி குமாரி'. 1956 இல் தமிழின் முதல் முழுநீள வண்ணப் படமான 'அலிபாபாவும் 40 திருடர்களும்'. 1961 இல் மலையாளத்தின் முதல் வண்ணப் படமான 'கண்டம் பெச்ச கோட்டு'. ஒரு தொழிற்சாலைக்குரிய ஒழுங்கோடு நூற்றுக்கும் மேற்பட்ட படங்களை அந்நிறுவனம் எடுத்தது. 1963 இல் சுந்தரம் மறைந்தார். இன்று ஏற்காட்டுக்குச் செல்வோர் காண்பது சாலையோரத்தில் எஞ்சி நிற்கும் அதன் முகப்பு வளைவு ஒன்றைத்தான்.

நாமக்கல்லுக்கும் இதில் பங்குண்டு. மோகனூரில் 1888 இல் பிறந்த நாமக்கல் கவிஞர் இராமலிங்கம் பிள்ளை எழுதிய 'மலைக்கள்ளன்' புதினம், கோயம்புத்தூர் பட்சிராஜா நிறுவனத்தாரால் 1954 இல் படமாக்கப்பட்டுக் குடியரசுத் தலைவரின் வெள்ளிப் பதக்கத்தைப் பெற்றது. நாமக்கல்லில் கவிஞர் வாழ்ந்த வீடு இன்று நினைவு இல்லமாக இருக்கிறது. படம் பார்க்கும் பிள்ளைகளை ஒருமுறை அங்கும் அழைத்துச் செல்லலாம்.

அக்காலத்தில் சிற்றூர்களில் டூரிங் டாக்கீஸ் என்னும் கீற்றுக் கொட்டகைகள் இருந்தன. மணலைக் குவித்து மேடாக்கி அதன்மேல் அமர்ந்து, மடியில் உறங்கும் குழந்தையோடு, ஊரே ஒரு படத்தைப் பார்த்தது. வீடு திரும்பும் வழியெல்லாம் அதைப் பற்றியே பேச்சு. மருமகளை வாட்டிய மாமியாரைப் பாட்டி திட்டுவார். அந்த மாமியார் சொன்னதிலும் நியாயம் உண்டு என்பார் தாத்தா. அந்தப் பேச்சில்தான் பிள்ளைகள் நல்லது கெட்டதைப் பிரித்தறியக் கற்றார்கள்.

இன்று அக்கொட்டகைகள் இல்லை. ஒரே கூடத்தில் ஐந்து பேர், ஐந்து கைப்பேசிகளில் ஐந்து படங்களைப் பார்க்கிறார்கள். ஒருவர் சிரிப்பது எதற்கென்று அடுத்தவருக்குத் தெரிவதில்லை. எனவே, ஆராய்ந்து தேர்ந்த ஒரு நல்ல படத்தைக் குடும்பமாகத் திரையரங்கிலோ வீட்டிலோ பார்ப்பதை வீண் செலவென்று தள்ள வேண்டியதில்லை. முடிந்ததும் சேலத்துத் தெருமுனையில் நின்று, காரட்டும் பீட்ரூட்டும் சட்னியும் வைத்து அடுக்கிய தட்டுவடை செட் ஆளுக்கொன்று வாங்கிக்கொண்டு, பார்த்ததைப் பற்றிப் பத்து நிமிடம் பேசுங்கள். படத்தால் குடும்பத்துக்கு வந்த ஆதாயம் அந்தப் பத்து நிமிடமே.

நீர்த்தேக்கத்தின் கரையில்

இனி ஞாயிறு. காலைத் திருப்பலிக்குப் பின் பயணம். எங்கே போகலாம் என்று கேட்டால் பிள்ளைகள் மலையைச் சொல்வார்கள். இருபது கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்தால் ஏற்காடு. அங்கே காப்பித் தோட்டங்களின் குளிர் நிழல் உண்டு. நாமக்கல் பக்கம் கொல்லிமலை. அதற்கு வளைவுகள் எழுபது! ஆனால் மாதக்கணக்கில் லாரி ஓட்டிவிட்டு வீடு வந்த ஒருவரை, வாடகைக் காரில் அமர்த்தி எழுபது வளைவுகளில் மீண்டும் ஸ்டியரிங்கைப் பிடிக்கச் சொல்வது முறையாகுமா? பிள்ளைகளுக்கு உல்லாசம், அவருக்கோ இன்னொரு நடை.

அத்தகைய வீட்டுக்கு ஏற்றது மேட்டூர். சேலத்திலிருந்து சுமார் 50 கிலோ மீட்டர். ஓமலூர், மேச்சேரி வழியாகப் பேருந்து செல்கிறது. பேருந்திலேயே போகலாம், தந்தைக்கு ஜன்னலோர இருக்கையைக் கொடுங்கள். நாடெல்லாம் வண்டி ஓட்டியவர், சாலையின் இருபுறமும் இருப்பதைப் பார்த்தது குறைவு. ஓமலூர் வருமுன் அவர் உறங்கிவிட்டால் எழுப்பாதீர்கள். அவருக்கு முதல் தேவை அந்த உறக்கம். கட்டுச்சோறு போதும், முந்தின நாள் பரிமாறப் பழகிய பிள்ளைகளே புளிச்சோற்றைப் பொட்டலம் கட்டட்டும்.

மேட்டூர் அணை 1925 இல் தொடங்கப்பெற்று 1934 இல் முடிந்தது. அவ்வாண்டு ஆகஸ்டு 21 இல் திறந்துவைக்கப்பட்டு, அந்நாளைய சென்னை மாகாண ஆளுநர் ஸ்டான்லியின் பெயரால் ஸ்டான்லி நீர்த்தேக்கம் என்று பெயர் பெற்றது. நீரைத் தேக்கும் உயரம் 120 அடி. முழுக் கொள்ளளவு 93.47 டி.எம்.சி. காவிரிப் படுகையின் நெல் வயல்கள் இந்நீரை நம்பி நிற்கின்றன. கிழக்கு, மேற்குக் கால்வாய்கள் சேலம், நாமக்கல், ஈரோடு மாவட்டங்களில் 45,000 ஏக்கருக்குப் பாசனம் தருகின்றன. அணை நிரம்பி வழியும் காலத்தில் பதினாறு கண் மதகின் வழியே நீர் நுரைத்துப் பாய்வதைக் காண மக்கள் திரள்கிறார்கள். ஆடிப் பதினெட்டில் கரையெங்கும் புத்தாடையும் பொங்கல் பானையுமாக இருக்கும். ஒன்றை மட்டும் மறக்கலாகாது: நீர் திறந்துவிடப்படும் காலத்தில் ஆற்றில் இறங்குதல் உயிருக்கு ஆபத்து. எச்சரிக்கைப் பலகையைப் படித்துக் காட்டி, பிள்ளைகளின் கையைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

பூங்காவில் ஊஞ்சல் ஆடி, பொரித்த மீன் வாங்கி உண்டு, அத்தோடு திரும்பிவிடுவோர் பலர். நேரமிருந்தால் கொளத்தூர்ப் பக்கம் பண்ணவாடி வரை செல்லுங்கள். அங்கே நீர்த்தேக்கம் கடல்போல் விரிந்து கிடக்கும். பரிசல்களில் மீனவர் வலை வீசிக்கொண்டிருப்பர். நீர்மட்டம் வெகுவாகக் குறையும் ஆண்டுகளில் ஒரு காட்சி தோன்றும். நீரின் நடுவே ஒரு பழைய கிறிஸ்தவ ஆலயத்தின் இரட்டைக் கோபுரம் மெல்லத் தலைதூக்கும். சற்று அப்பால் ஜலகண்டேஸ்வரர் கோயிலின் நந்தி தெரியும். அணை கட்டப்பட்டபோது நீரில் மூழ்கிய ஊர்களின் அடையாளங்கள் அவை. அங்கே வீடுகள் இருந்தன, களத்துமேடுகள் இருந்தன, கோயில் மணியும் ஆலய மணியும் ஒரே காற்றில் ஒலித்தன. திருமுழுக்குப் பெற்றவர்களும், மாலை மாற்றிக்கொண்டவர்களும், அடக்கம் செய்யப்பட்டவர்களும் அம்மண்ணுக்கு உரியவர்கள். ஒருநாள் அவர்கள் மூட்டை முடிச்சுகளோடு மேட்டு நிலங்களுக்குப் பெயர்ந்தார்கள். நீர் வந்து நிறைந்தது.

அவர்கள் விட்டுச் சென்ற நிலத்தின் மேல் நிற்கும் நீரால்தான் கீழே பல இலட்சம் பேர் உண்கிறார்கள். நாம் பொழுதுபோக்க வந்து நிற்கும் கரையும் அவர்கள் இழந்ததன் கரையே. பிள்ளைகளுக்கு இதைச் சொல்ல வேண்டும். ஆனால் அவர்களின் மகிழ்ச்சி கெடும்படி அன்று, நன்றி பிறக்கும்படி. "அந்த ஊர்க்காரர்கள் எங்கே போனார்கள்?" என்று குழந்தை கேட்குமானால், அந்தப் பயணம் வீண் போகவில்லை.

நீரில் மூழ்கிய ஊரைக் காணும் கண், வீட்டில் கண்ணில் படாமல் போனவர்களையும் காணப் பழகும். வெள்ளித்திரைக்குப் பின்னே மாதச் சம்பளத்துக்கு விளக்குத் தூக்கியவர்கள் இருந்தார்கள். விருந்துக்குப் பின்னே அடுப்படியில் ஒருவர் நிற்கிறார். பிள்ளையின் புத்தாடைக்குப் பின்னே, எங்கோ ஒரு சாலையோரத்தில் லாரியின் அடியில் பாய் விரித்துப் படுத்த ஒருவர் இருக்கிறார். இவர்களை மறந்து கொண்டாடும் நாள் விரைவில் சலித்துப்போகும். இவர்களையும் அருகில் அமர்த்திக்கொண்டு கழித்த நாளோ, செலவு குறைவாயினும், ஆண்டுகள் கழித்தும் பேசப்படும்.

பண்ணவாடியிலிருந்து திரும்பும்போது பொழுது சாய்ந்திருக்கும். பேருந்தில் பிள்ளை தந்தையின் தோளில் உறங்கும். தாய்க்கும் அன்று சற்றுக் கண்ணயர நேரம் கிடைத்திருக்கும். திங்கட்கிழமை விடியற்காலையில் லாரி மீண்டும் புறப்படும், தறி ஓடும், பண்ணையில் முட்டை அட்டைகள் அடுக்கப்படும். அடுத்த ஓய்வு எப்போது வாய்க்குமென்று யாராலும் உறுதி கூற இயலாது. ஆகவே, அன்பு வாசகர்களே, அடுத்த முறை வீட்டில் நாட்காட்டியைப் பார்த்து விடுமுறைக்குத் திட்டமிடும்போது, எங்கே போகலாம் என்று கேட்பதற்கு முன், இந்த வீட்டில் யார் மிகவும் களைத்திருக்கிறார் என்று கேளுங்கள். அவருடைய விருப்பத்திலிருந்து தொடங்குங்கள்.