ஸ்டீயரிங் ஆட்டமும் ஓர் அமானிதமும்

பழைய காரில் ஸ்டீயரிங் தளர்வது மிக மெதுவாக நிகழும் காரியம். பேட்டரி தீர்ந்தால் காலையிலேயே வண்டி கிளம்பாது. டயர் பஞ்சரானால் அடுத்த நிமிடம் தெரிந்துவிடும். ஸ்டீயரிங்கின் தளர்வை மட்டும் ஓட்டுபவரின் கையே மறைத்துவிடுகிறது. வண்டி சற்று இடப்பக்கம் ஒதுங்கும். கை தானாக வலப்பக்கம் திருப்பும். வலப்பக்கம் சாயும், கை மறுபடி இழுத்துப் பிடிக்கும். மாதக்கணக்கில் இப்படி ஓட்டிப் பழகியவருக்கு அதுவே இயல்பாகிவிடும். வேறொருவர் அந்த இருக்கையில் அமரும்போதுதான், நேர்ச்சாலையில் வண்டி நேராகப் போகவில்லை என்பது புலப்படும்.

மர்ஹூம் வாப்பாவின் காரில் நான் அதை உணர்ந்ததும் அப்படித்தான். உம்மாவின் இத்தா முடிந்தபின், கண் மருத்துவரிடம் காட்டுவதற்காக அவர்களைத் தூத்துக்குடிக்கு அழைத்துச் சென்றேன். காயல்பட்டினத்திலிருந்து புறப்பட்டு ஆறுமுகநேரி, ஆத்தூர், முக்காணி வழியே செல்லும்வரை பெரிதாக ஒன்றும் தோன்றவில்லை. மரங்களும் வாழைத் தோட்டங்களும் காற்றைத் தடுத்து நின்றன. பழையகாயலைத் தாண்டி உப்பளங்களின் நடுவே சாலை விரிந்ததும், ஆடி மாதத்து மேல்காற்று பக்கவாட்டில் மோதியது. வண்டி ஒரு நேர்க்கோட்டில் நிற்க மறுத்தது. ஸ்டீயரிங்கை இரண்டு விரல் அகலத்துக்குத் திருப்பியும் சக்கரம் அசையவில்லை. பின்னர் திடீரென்று அசைந்தது. எதிரே உப்பு ஏற்றிய லாரிகள் வந்துகொண்டிருந்தன. பின் இருக்கையில் உம்மா தஸ்பீஹ் மணிகளை உருட்டிக்கொண்டிருந்தார்கள். வேகத்தை மணிக்கு 40 கிலோமீட்டருக்குக் குறைத்துக்கொண்டு ஊர் போய்ச் சேர்ந்தோம். வாப்பா தம் கடைசிக் காலத்தில் இந்த ஆட்டத்தை எத்தனை நாள் தம் கைகளாலேயே சமாளித்து ஓட்டினார்களோ, அல்லாஹ்வே அறிவான்.

அந்தக் கார் அப்போது எங்கள் எவருக்கும் தனியாக உரியதன்று. உம்மா, லாத்தா, துபாயிலுள்ள தம்பி, நான் ஆகிய நால்வருக்கும் மார்க்கம் வகுத்த பங்கின்படி சேரவேண்டிய வாரிசுச் சொத்து. இருபது ஆண்டு ஓடிய சிறிய கார். பவர் ஸ்டீயரிங் இல்லாதது. அதை விற்றுப் பணத்தைப் பங்கிடுவது என்று முடிவாயிற்று. விற்கும் பொறுப்பு என்னிடம் வந்தது.

பழைய வண்டி விற்றுத்தரும் தரகர் ஒருவர் ஓட்டிப் பார்த்துவிட்டு, "இது பெரிய காரியமில்லை. ரேக்கைக் கொஞ்சம் டைட் வைத்துவிடுங்கள். பார்க்க வருகிறவருக்குத் தெரியாது" என்றார். இதைத் தொலைபேசியில் சொன்னபோது தம்பியும், "காக்கா, இருபது வருடத்து வண்டி என்பது வாங்குகிறவருக்குத் தெரியாதா? பார்த்துத்தானே வாங்கப்போகிறார்" என்றான்.

தரகர் சொன்ன வழி என்ன செய்கிறது என்பதை இங்கே விளக்குவது அவசியம். ரேக் என்பது பற்கள் வெட்டிய நீண்ட இரும்புத் தண்டு. ஸ்டீயரிங் தண்டின் கீழ்முனையில் பினியன் என்னும் சிறு பல்சக்கரம் இருக்கிறது. அது சுழலும்போது ரேக் இடமும் வலமும் நகர்ந்து முன்சக்கரங்களைத் திருப்புகிறது. ரேக்கைப் பினியனோடு அழுத்திப் பிடிக்கப் பின்னால் ஒரு ஸ்பிரிங்கும், அந்த அழுத்தத்தைக் கூட்டிக் குறைக்க ஒரு திருகும் உண்டு. வண்டி பெரும்பாலும் நேராகவே ஓடுவதால் ரேக்கின் நடுப்பற்களே அதிகம் தேய்கின்றன. அந்தத் திருகை அளவுக்கு மீறி இறுக்கினால் நடுவில் ஆட்டம் குறைந்ததுபோல் தோன்றும். ஆனால் தேயாத ஓரப் பற்களுக்கு வரும்போது பினியன் இறுகிப் பிடிக்கும். வளைவில் திருப்பிய ஸ்டீயரிங் தானாக நேர்நிலைக்குத் திரும்பாது. ஆட்டத்தின் காரணம் சக்கரத்துக்கு அருகிலுள்ள மூட்டில் இருந்தால், அது முன்போலவே தேய்ந்துகொண்டிருக்கும். பத்து நிமிடம் ஓட்டிப் பார்ப்பவருக்கு வண்டி கெட்டியாக இருப்பதாகப் படும். உண்மையான நிலை அவருடைய குடும்பம் வண்டியில் இருக்கும் ஒரு நாளில் வெளிப்படும்.

அண்ணல் நபி (ஸல்) அவர்கள் கடைத்தெருவில் ஒரு தானியக் குவியலுக்குள் கைவிட்டுப் பார்த்த நிகழ்ச்சியை அபூஹுரைரா (ரலி) அவர்கள் அறிவித்திருக்கிறார்கள். ஸஹீஹ் முஸ்லிமில் அது பதிவாகியுள்ளது. மேலே காய்ந்திருந்த தானியம் உள்ளே ஈரமாக இருந்தது. மழையில் நனைந்துவிட்டது என்று வியாபாரி காரணம் கூறினார். நனைந்ததை மக்கள் பார்க்கும்படி மேலே வைத்திருக்கக் கூடாதா என்று நபியவர்கள் கேட்டு, ஏமாற்றுவதை வன்மையாகக் கண்டித்தார்கள். மழை அந்த வியாபாரியின் குற்றமன்று. மூட்டுகள் தேய்வதும் யாருடைய குற்றமுமன்று. ஈரத்தை அடியில் வைப்பதும் ஆட்டத்தைத் திருகால் மறைப்பதும் நம் கையால் செய்யும் செயல்கள். வாங்குபவர் பெயின்டைப் பார்க்கலாம், இன்ஜின் சத்தத்தைக் கேட்கலாம். ரப்பர் உறைக்குள் தேய்ந்திருக்கும் மூட்டை அவர் எங்கே காணப்போகிறார்? இதையே தம்பியிடம் சொன்னேன். உம்மா சுருக்கமாக முடித்தார்கள்: "வாப்பா விட்டுட்டுப் போன பொருள். அதுல சந்தேகமான காசு நமக்கு வேணாம்."

ஆறுமுகநேரியில் பட்டறை வைத்திருக்கும் அண்ணாச்சி வாப்பாவின் நெடுநாள் நண்பர். வண்டியை அவரிடம் கொண்டுபோனேன். அவர் உடனே ஸ்பேனரைக் கையில் எடுக்கவில்லை. "தம்பி, எதையும் கழற்றும் முன்னே எங்கே ஆடுகிறது என்று பார்ப்போம்" என்றார். அன்று அவர் பார்த்த வரிசை, பழைய கார் வைத்திருக்கும் எவருக்கும் பயன்படும்.

முதலில் டயர்கள். காற்று குறைந்திருந்தாலும், இருபுறமும் வெவ்வேறு அளவில் இருந்தாலும் நல்ல ஸ்டீயரிங்கும் அலையும். பின் டயர்களில் காற்று குறைந்தாலும் வண்டியின் பின்பகுதி அசைந்து அதே உணர்வைத் தரும். எங்கள் வண்டியில் காற்று சரியாக இருந்தது. ஆனால் இடது முன் டயரின் உள்விளிம்பு மட்டும் அதிகம் தேய்ந்திருந்தது. அண்ணாச்சி அதை உள்ளங்கையால் தடவிப் பார்த்துவிட்டு, ஒன்றும் சொல்லாமல் தலையசைத்தார்.

அடுத்தது ஆட்டத்தின் அளவு. சக்கரங்களை நேராக வைத்து, ஸ்டீயரிங்கை மெல்ல இடமும் வலமும் அசைத்து, சக்கரம் அசையத் தொடங்கும்வரை அதன் விளிம்பு எவ்வளவு நகர்கிறது என்று அளந்தோம். வண்டியின் கையேடு 30 மில்லிமீட்டர் வரை அனுமதித்தது. எங்களுக்குக் கிடைத்தது 55.

பிறகு நான் உள்ளே அமர்ந்து ஸ்டீயரிங்கை விடாமல் சிறிதாக அசைத்துக்கொண்டிருக்க, அண்ணாச்சி வண்டிக்கு அடியில் படுத்து ஒவ்வொரு மூட்டின்மீதும் விரலை வைத்துப் பார்த்தார். ஸ்டீயரிங் தண்டின் இணைப்பு, ரேக்கை உடலோடு பிடித்திருக்கும் ரப்பர்கள், ரேக் எண்ட், டை ராட் எண்ட் என்று மேலிருந்து சக்கரம் வரை வரிசையாகச் சென்றார். ஒரு மூட்டின் இந்தப் பக்கம் அசைந்து அந்தப் பக்கம் அசையாமல் நின்றால், தேய்மானம் அங்கேதான். கண்ணுக்குத் தெரியாத ஆட்டமும் விரலுக்குத் தெரிந்துவிடுகிறது. இடது டை ராட் எண்டின் ரப்பர் உறை கிழிந்து, உள்ளே கிரீஸ் இருந்த இடத்தில் துருவும் மண்ணும் இருந்தன. கடற்கரை ஊரின் உப்புக்காற்று அதன் வேலையைச் செய்திருந்தது. வலது ரேக் எண்டிலும் ஆட்டம் இருந்தது.

அதன்பின் முன்பக்கத்தை ஜாக்கியால் தூக்கி, ஸ்டாண்டின்மீது இருத்தினார். ஜாக்கியை மட்டும் நம்பி எவரும் வண்டிக்கு அடியில் போகக் கூடாது என்பதை அவர் இருமுறை சொன்னார். சக்கரத்தைக் கடிகாரத்தின் 3, 9 எண்களின் இடத்தில் பிடித்து அசைத்தால் தெரியும் ஆட்டம் பெரும்பாலும் ஸ்டீயரிங் மூட்டுகளைக் காட்டும். 12, 6 எண்களின் இடத்தில் பிடித்து அசைக்கும்போது ஆடினால் வீல் பேரிங்கோ பால் ஜாயின்டோ காரணமாக இருக்கலாம். அப்போது இன்னொருவர் பிரேக்கை மிதிக்க வேண்டும். ஆட்டம் நின்றுவிட்டால் பேரிங். நிற்காவிட்டால் பால் ஜாயின்ட். எங்கள் வண்டியில் இவை இரண்டும் நன்றாக இருந்தன. கடைசியாக லோயர் ஆர்மைக் கடப்பாரையால் நெம்பிப் பார்த்தபோது, இடதுபுறப் புஷ்ஷின் ரப்பர் இரும்பைவிட்டுப் பிரிந்திருந்தது. பிரேக் பிடிக்கும்போது வண்டி ஒரு பக்கம் இழுத்ததன் காரணம் அதுதான்.

ஆக, தரகர் இறுக்கச் சொன்ன திருகு இவற்றில் எதையும் தொட்டிருக்காது.

இரு டை ராட் எண்டுகள், வலது ரேக் எண்ட், இருபுற லோயர் ஆர்ம் புஷ்கள் ஆகியன மாற்றப்பட்டன. கழற்றிய ஸ்பிளிட் பின்களைத் தூக்கியெறிந்துவிட்டுப் புதியவற்றையே போட்டார். புஷ்களின் போல்ட்டைச் சக்கரம் தொங்கும் நிலையில் முழுமையாக இறுக்காமல், வண்டியின் பாரம் தரையில் இறங்கியபின் இறுக்கினார். தொங்கும் நிலையில் இறுக்கினால் ரப்பர் எப்போதும் முறுக்கியபடியே இருந்து விரைவில் கிழியும் என்றார். எல்லாம் முடிந்தபின்தான் வீல் அலைன்மென்ட். தேய்ந்த மூட்டுகளை வைத்துக்கொண்டு அலைன்மென்ட் செய்வது வீண்செலவு. அந்த அளவு அடுத்த பள்ளத்தில் மாறிவிடும். முன்சக்கரங்கள் இரண்டும் வெளிப்புறம் விரிந்து பார்த்தபடி இருந்தது அங்கே தெரிந்தது. உள்விளிம்பு தேய்ந்ததற்கும், ஒவ்வொரு சக்கரமும் தன் திசையில் வண்டியை இழுத்ததற்கும் அது விளக்கமாயிற்று.

உதிரிப்பாகமும் கூலியும் சேர்த்து 6,000 ரூபாய்க்குச் சற்று மேல் ஆனது. நால்வரின் சம்மதத்தோடு பொதுச் சொத்திலிருந்தே அதைக் கொடுத்தோம். வண்டி கோட்டைப் பிடித்து ஓடியது. மீண்டும் அளந்தபோது ஆட்டம் 25 மில்லிமீட்டர். "ரேக்கின் நடுவில் கொஞ்சம் தேய்மானம் இருக்கிறது, தம்பி. இப்போது ஆபத்தில்லை. ஆனால் புது ரேக் என்று சொல்லி விற்றுவிடாதே" என்றார் அண்ணாச்சி.

வாங்க வந்தவர் திருமணமாகி ஓராண்டு ஆன இளைஞர். மனைவியும் கைக்குழந்தையும் உடன் வந்திருந்தனர். மாற்றியவை இவை, தேய்மானம் இங்கே இருக்கிறது, இடது முன் டயர் இன்னும் சில மாதங்களே தாங்கும் என்று ஒரு தாளில் எழுதிக் கொடுத்தேன். அவர் தமக்குத் தெரிந்த மெக்கானிக்கிடம் காட்டிவிட்டு வந்து, டயரைக் காரணம் காட்டி விலையைக் குறைத்துக் கேட்டார். கேட்டது நியாயமாகவே இருந்தது. தரகர் சொன்ன விலையைவிடக் குறைவாகவே கிடைத்தது. கணக்கை அனுப்பியபோது தம்பி, "சரி காக்கா, மனசுக்கு நிம்மதி" என்று எழுதினான். விற்பவரும் வாங்குபவரும் உண்மை பேசிக் குறைகளைத் தெளிவுபடுத்தினால் அந்த வியாபாரத்தில் பரக்கத் உண்டு, மறைத்தால் அது அழிக்கப்படும் என்ற கருத்தில் புகாரியிலும் முஸ்லிமிலும் ஹதீஸ் வந்திருப்பதை நாம் பலமுறை கேட்டிருக்கிறோம். பணம் பங்குகளாகப் பிரிந்து உரியவர்களிடம் சேர்ந்த அன்று, அந்த பரக்கத் தொகையின் அளவில் இல்லை என்பது எங்கள் வீட்டுக்கு விளங்கியது.

ஐவேளை ஃபர்ளுத் தொழுகைகளின் 17 ரக்அத்துகளிலும் ஃபாத்திஹா ஓதுகிறோம். ஒவ்வொரு முறையும் நேர்வழியைக் கேட்கிறோம். நன்றாக உள்ள வண்டியையும் நேர்ச்சாலையில் ஓட்டுபவர் சிறிது சிறிதாகத் திருத்திக்கொண்டேதான் ஓட்ட வேண்டும். ஆகவே திரும்பத் திரும்பக் கேட்பது குறையன்று. பயணத்தின் இயல்பு அது. ஆனால் திருத்தும் வேலை நாளுக்கு நாள் கூடிக்கொண்டே போனால், கையின் சாமர்த்தியத்தை மெச்சிக்கொள்ளாமல், எந்த மூட்டு தேய்ந்திருக்கிறது என்று இறங்கிப் பார்ப்பதே அறிவுடைமை. தொழுகையில் தளர்வா, சம்பாத்தியத்தில் கலப்பா, உறவில் விரிசலா என்று ஒவ்வொன்றாக விரல் வைத்துப் பார்க்க வேண்டும்.

ஒட்டகத்தைக் கட்டிவிட்டுத் தவக்குல் வைக்கக் கற்றுத்தந்த மார்க்கம் நம்முடையது. உங்கள் வீட்டில் பழைய கார் இருந்தால், அடுத்த நீண்ட பயணத்துக்கு முன் அதை ஓட்டிப் பழகாத ஒருவரிடம் சாவியைக் கொடுத்து ஒருமுறை ஓட்டிப் பார்க்கச் சொல்லுங்கள். உங்கள் கை மறைத்து வைத்திருப்பதை அவர் கை சொல்லிவிடும். சாலையில் எதிரே வருபவரின் உயிரும் நம்மிடம் உள்ள அமானிதமே.

அல்லாஹ் நம் பயணங்களைப் பாதுகாப்பானவையாகவும், நம் கொடுக்கல் வாங்கலைத் தூய்மையானதாகவும் ஆக்குவானாக. எங்கள் வாப்பாவின் பிழைகளைப் பொறுத்து, அவர்களின் கப்ரை ஒளியால் நிரப்புவானாக. ஆமீன்.