எண்ணிக்கையில் விடுபட்டவர்

சிறு வயதில் ஞானோபதேச வகுப்பில் தலையான பாவங்கள் ஏழையும் மனப்பாடம் செய்தோம். அவற்றுள் முதலாவது ஆங்காரம். அதற்கு எதிரான புண்ணியம் தாழ்ச்சி. அடுத்த பையனைவிடத் தவறின்றி ஒப்புவித்துவிட்டோம் என்ற பெருமிதத்தோடுதான் அன்று உட்கார்ந்தோம். ஆங்காரம் குடிபுக அரண்மனையைத் தேடுவதில்லை. ஞானோபதேச வகுப்பின் பாயே அதற்குப் போதும்.

வயது ஏறியபின் அது வேறு இடங்களில் நம்மைச் சந்திக்கிறது. ஆலயத்துக்குக் குழல்விளக்கு ஒன்றை அளிக்கிறோம். அதில் எழுதிய நம் பெயர் பாதி ஒளியை மறைக்கிறது. திருவிழா நன்றியுரையில் பெயர் விடுபட்டுவிட்டால் மறு ஞாயிறு திருப்பலிக்குச் செல்லவே மனம் வருவதில்லை. மனைவி சொன்னது சரியென்று உள்ளம் அறிந்தும் நாவு ஒப்புக்கொள்ள மறுக்கிறது. இவற்றையெல்லாம் சுயமரியாதை என்று நாமே பெயரிட்டு அழைக்கிறோம்.

குரும்பலூர்ப் பகுதியில் வேளாண்மைக்குக் கிணறே பெருந்துணை. மக்காச்சோளம், பருத்தி, சின்ன வெங்காயம் எதுவாயினும் கோடையில் ஒரு நாழிகைத் தண்ணீர் பொன்னுக்கு நிகர். தந்தையார் விட்டுச் சென்ற கிணற்றில் நமக்கும் தம்பிக்கும் சரிபாதிப் பங்கு. முறைவைத்து இறைத்து வந்தோம். ஒரு கோடை இரவில் தம்பி தன் முறை முடிந்த பின்னும் மோட்டாரை ஓடவிட்டான். நாம் சென்று நிறுத்தினோம். சொல் தடித்தது. அதன்பின் இரண்டு ஆண்டுகள் அண்ணனும் தம்பியும் பேசவில்லை. ஒரே ஆலயத்தில், ஒரே பீடத்தின் முன் முழந்தாளிட்டோம்; சமாதானம் பகிரும் வேளையில் அவன் இருந்த பக்கம் நாம் திரும்பியதில்லை.

தவக்காலத்தில் பாவசங்கீர்த்தனத்துக்குச் சென்றோம். கிணறு, மோட்டார், தம்பி உரைத்த கடுஞ்சொல் அனைத்தையும் வரிசையாகச் சொன்னோம். குருவானவர் பொறுமையுடன் கேட்டார். பிறகு, “நீர் இதுவரை சொன்னவை உம் தம்பியின் பாவங்கள். இனி உம்முடையவற்றைச் சொல்லும்” என்றார். நம்மிடம் சொல்ல எதுவும் தயாராக இல்லை.

வீடு திரும்பும் வழியில் பரமார்த்த குருவின் கதை நினைவுக்கு வந்தது. குருவும் சீடர் ஐவரும் ஆற்றைக் கடந்து கரையேறுகின்றனர். எவரையேனும் ஆறு கொண்டுபோயிற்றோ என்று எண்ணிப் பார்க்கின்றனர். எண்ணுகிறவர் ஒவ்வொருவரும் தம்மை விட்டுவிட்டு எண்ணுவதால் ஐவரே இருப்பதாகக் கண்டு அழுகின்றனர். வழிப்போக்கன் ஒருவன் வந்து ஒவ்வொருவர் முதுகிலும் தடியால் அடித்து எண்ணிய பிறகே ஆறு பேரும் இருப்பது தெரிகிறது. பள்ளியில் படித்துச் சிரித்த கதை. அன்றோ நமக்குச் சிரிப்பு வரவில்லை. குற்றவாளிகளை எண்ணும்போதெல்லாம் நம்மை விட்டுவிட்டே எண்ணியிருக்கிறோம். பாவசங்கீர்த்தனத் தொட்டியில் விழுந்தது அந்த வழிப்போக்கனின் அடிதான்.

அக்கதையை எழுதிய வீரமாமுனிவர் நம் அரியலூர் மண்ணில், கொள்ளிடத்துக்கு வடக்கே ஏலாக்குறிச்சியில் வாழ்ந்தவர். 1680-இல் இத்தாலியின் காஸ்திலியோனே நகரில் பிறந்து, 1710-இல் இந்தியா வந்தார். அவர் பட்டாடை உடுத்திப் பல்லக்கில் சென்றதாகப் பழைய வரலாறுகள் கூறுவதுண்டு. இருக்கலாம். ஆயினும் மொழி கற்க விரும்புகிறவன் பல்லக்கிலிருந்து இறங்கித்தான் ஆக வேண்டும். தம் நாட்டில் கற்றுத் தேர்ந்த குருவானவர், முப்பது வயதில் தமிழ் ஆசிரியர் முன் எழுத்துக் கூட்டும் மாணவராக அமர்ந்தார். 3,615 பாடல்களில் தேம்பாவணி பாட முனைந்தபோது அவர் தேர்ந்த தலைவரும் அரசரல்லர். நற்செய்தி நூல்களில் ஒரு சொல்லும் பேசாத தச்சரான சூசையப்பர்.

அதே காஸ்திலியோனே நகரில் 1568-இல் பிறந்தவர் புனித ஞானப்பிரகாசியார். சிற்றரசரின் மூத்த மகன். ஆட்சியுரிமை முழுவதையும் தம்பிக்கு விட்டுக்கொடுத்து இயேசு சபையில் சேர்ந்தார். உரோமை நகரில் கொள்ளைநோயாளருக்குப் பணிவிடை செய்து நோயுற்று, 1591-இல் தம் இருபத்து மூன்றாம் வயதில் இறந்தார். அவர் தம்பிக்கு ஒரு நாட்டையே விட்டுக்கொடுத்தார். நம்மால் ஒரு நாழிகைத் தண்ணீரை விட முடியவில்லை.

பெரிய வியாழன் திருப்பலியில் குருவானவர் பன்னிருவரின் பாதங்களைக் கழுவினார். நிமிர்ந்து நின்றபடி எவரும் பிறர் பாதத்தைக் கழுவ இயலாது என்பது அன்றுதான் கண்ணில் பட்டது. மறுநாள் தம்பியின் வயலுக்குச் சென்றோம். பட்டறையிலிருந்து எடுத்த வெங்காயத்தைக் கொட்டி, அழுகலைப் பொறுக்கிக்கொண்டிருந்தான். நம்மைக் கண்டதும் எழுந்து, “வாங்க அண்ணே” என்றான். இரண்டு ஆண்டுகளாக நாம் எதிர்பார்த்திருந்த மன்னிப்புச் சொல் அவனிடமிருந்து வரவில்லை. வர வேண்டியது நம்மிடமிருந்து என்பதால் நாமே சொன்னோம். சொல்லி முடிப்பதற்குள் தொண்டை அடைத்தது. பிறகு அவன் அருகில் தரையில் அமர்ந்து வெங்காயம் பொறுக்கினோம். சற்று நேரம் கழித்து, “அன்னைக்கு நானும் அப்படிப் பேசியிருக்கக் கூடாது” என்றான், தலை நிமிராமலே.

அவ்வாண்டு முதல் கோடையில் முதல் முறை தம்பியுடையது. நம் மகசூலில் சற்றுக் குறைவு ஏற்பட்டது உண்மைதான். ஆயினும் பரலோக மந்திரத்தில் பிறரை மன்னிப்பதுபற்றிய வரிகளை இப்போது விழுங்காமல் சொல்ல முடிகிறது.

ஒன்றை மறவாதிருப்போம். தாழ்ச்சி அநீதியின் முன் கைகட்டி நிற்பதன்று. நியாயமான கூலி கேட்கும் ஏழையிடம் ‘அடங்கி நட’ என்று சொல்ல இப்புண்ணியத்தை எவரும் கருவியாக்கக் கூடாது. அதை முதலில் கைக்கொள்ள வேண்டியவர் உயர்ந்த இடத்தில் இருப்பவரே. வீட்டில் தந்தை, ஊரில் பெரியவர், கிணற்றடியில் அண்ணன்.

ஆலயத்தில் தொலைவில் நின்று மார்பில் அறைந்துகொண்ட ஆயக்காரன், பாவிகளின் எண்ணிக்கையைத் தன்னிலிருந்து தொடங்கினான். பரிசேயன் தன்னை விட்டுவிட்டு எண்ணினான். இன்றிரவு குடும்ப செபமாலைக்குப்பின் ஆன்ம சோதனை செய்யும்போது, அன்பு வாசகரே, நாம் எவ்வாறு எண்ணுகிறோம் என்று பார்ப்போமா?